கணவனும் மனைவியும் ஆராய்ச்சியாளர்களாகவே மலையில் நீடிக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குகிறேன். கேட்டவர் கோவையில் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர். நீலகிரியின் சோலைக்காட்டு மரங்களை நாற்றிலிருந்து பெருக்குவது அவருடைய ஆய்வுப் பொருள். கணவர் உதகையில் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தால்தான் குடும்பம் நடக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த ஒருத்தர் மனைவிதான் என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாகியிருக்கிறது. இருவரும் ஆராய்ச்சியில் நீடிக்க வழியுண்டா, இதில் நிறுவனங்கள் செய்யக்கூடியது என்ன என்பவையே அவர் கேட்கும் இரண்டு கேள்விகள்.

வழியுண்டு. நான் மண்ணியல் ஆய்வாளராக உதகையில் 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் கணவர் பூச்சியியல் ஆய்வாளர். எங்கள் திருமண வாழ்க்கையின் முதல் ஒன்பது ஆண்டுகள், அவர் கோவையிலும் நான் மலையிலுமாகக் கழிந்தன. அந்த ஒன்பது ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய சிக்கலாக எண்ணும் வரையில் ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். இது பணியிடச் சிக்கல். அதைத் தீர்க்கும் பொறுப்பில் பெரும்பங்கு நிறுவனங்களுக்கு உண்டு. மனைவிக்கு ஆய்வகத்தில் ஒரு மேசை கிடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. அவருக்குத் தம் பெயரில் ஒரு பதவியும் தம் பெயரில் ஓர் ஆய்வுத் திட்டமும் வேண்டும்.

இதற்கு நம் மலைகளிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போய் வந்தவர்கள் ஜான் எவர்ஷெட் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். 1907-இல் அங்கே பணிக்கு வந்த அவர், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கிடையாக ஓடுவதை 1909-இல் கண்டறிந்தார். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. 1911-இல் இயக்குநராகி, 1923-இல் ஓய்வு பெற்றார். அவருடன் பழனி மலைக்கு வந்த மனைவி மேரி எவர்ஷெட், திருமணத்துக்கு முன்பே தென்வானத்து விண்மீன்களைக் காண்பதற்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதியிருந்தவர். கொடைக்கானலில் அவர், சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளை ஆராய்ந்து 1913-இல் தம் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார். அதே காலத்தில், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பிழம்புகளைக் குறித்த பெரிய ஆய்வறிக்கை ஒன்று 1917-இல் கணவன் மனைவி இருவரின் பெயரிலும் அந்த ஆய்வகத்தின் வெளியீடாக வந்தது. இவ்வளவு உழைத்தவருக்கு அந்த ஆய்வகத்தில் பதவி எதுவும் இல்லை. இயக்குநரின் மனைவி என்பதே அவர் அங்கே இருந்ததற்கான அடையாளம். அவருடைய கணவர் அவரை மதித்தார், சேர்ந்து உழைத்தார், பெயரையும் சேர்த்தே போட்டார். ஒரு நல்ல கணவரால் செய்யக்கூடியவை அவை. பதவியை வழங்கியிருக்க வேண்டியது நிறுவனம்.

இது நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் 1931-இல் போனார்கள். கணவருக்குத் துறைத் தலைவர் பதவியும், அவருக்கு இணையான தகுதியுடைய மனைவிக்கு ஆராய்ச்சி உதவியாளர் நிலையில் சொற்ப ஊதியமும் தரப்பட்டன. கெர்ட்டி முழுப் பேராசிரியரானது 1947-இல். இருவரும் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். இதற்கு மாறாக, நார்வேயின் டிரான்ட்ஹைம் பல்கலைக்கழகம் 1996-இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் என்ற தம்பதிக்கு ஆளுக்கொன்றாக இரண்டு இணைப் பேராசிரியர் பணியிடங்களை அளித்தது. மூளை இடத்தை எப்படி அறிகிறது என்ற ஆய்வுக்காக 2014-இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசுக்காக இதைச் சொல்லவில்லை. தொடக்கத்திலேயே இரண்டு பணியிடம் கிடைத்தவர்கள், இருபது ஆண்டுக் காலத்தை இடமாற்ற விண்ணப்பங்களில் செலவிட வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி நம் மலைக்கே உரிய நிலைமையைப் பார்க்கலாம். சமவெளியில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் என்றால் நாற்பது துறைகள் இருக்கும். கணவர் ஒரு துறையிலும் மனைவி வேறொரு துறையிலும் சேர வாய்ப்புண்டு. மலையில் உள்ளவை சிறிய நிலையங்கள். அவை இங்கே இருப்பதற்குக் காரணம் இந்த நிலமும் வானும். உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. 1970-இல் அதை அமைக்க, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 பாகை சாய்ந்து வடக்கு தெற்காக அமைந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. அதே முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிழங்குப் பயிரை அழிக்கும் நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-இல் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. வெலிங்டனில் கோதுமைத் துருநோயைத் தாங்கும் ரகங்களுக்கான ஆய்வு நடக்கிறது. உதகையில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழனி மலையில் மன்னவனூரில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நடக்கிறது. இங்கே வேலை செய்பவர் இங்கேயே வாழ்ந்தாக வேண்டும். ஆகவே வாழ்க்கைத் துணை என்ன செய்வார் என்ற கேள்வி, ஒவ்வொரு நியமன ஆணையோடும் சேர்ந்தே மலையேறி வருகிறது.

இதில் இன்னொரு சிக்கல், முடிவெடுப்பவர்கள் மலையில் இல்லை என்பது. முத்தோரைக் கிழங்கு நிலையத்தின் தலைமையகம் சிம்லாவில், மண், நீர் மையத்துக்கு டேராடூனில், வெலிங்டனுக்கு டெல்லியில், மன்னவனூருக்கு ராஜஸ்தானத்து அவிகாநகரில், கொடைக்கானல் ஆய்வகத்துக்குப் பெங்களூரில், வானொலித் தொலைநோக்கிக்குப் புனேயில். தன் வேலிக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்தில் என்ன காலியிடம் இருக்கிறது என்பது இங்குள்ள நிலையத் தலைவருக்கே தெரியாத நாட்கள் உண்டு. சிம்லாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கவனித்துப் பாருங்கள்: மேலே சொன்னவற்றில் கிழங்கு, மண், கோதுமை, செம்மறி ஆகிய நான்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் என்ற ஒரே குடையின் கீழ் இருப்பவை. அவற்றில் மூன்று நீலகிரி என்ற ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், சாண்டிநல்லாவின் செம்மறி ஆராய்ச்சி நிலையமும், 1955-இல் தொடங்கிய உதகை அரசு கலைக் கல்லூரியும், 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் இதே மாவட்டத்தில் உள்ளவை. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றிலும், "இரண்டாவது ஆளுக்கு இடமில்லை" என்ற பதில்தான் வரும். மாவட்டம் முழுவதையும் ஒரே வளாகமாக எண்ணினால், இடம் இருக்கிறது.

இதற்காக நான் பணியில் இருந்தபோதே பலமுறை கேட்டுக்கொண்டது எளிய ஒன்று. ஆண்டுக்கு இருமுறை இந்த நிலையங்களின் தலைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, தங்களிடம் உள்ள காலியிடங்கள், திட்டப் பணியிடங்கள், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுபவர்கள் ஆகிய விவரங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒரு விஞ்ஞானியின் துணைவர் எந்தத் துறையில் தகுதி பெற்றவர் என்பதைத் தெரிந்து வைத்திருந்து, பொருத்தமான இடம் இருக்குமானால் தத்தம் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். தகுதித் தேர்வையோ நேர்காணலையோ தளர்த்தச் சொல்லவில்லை. அந்த வாய்ப்பு இருப்பதை உரியவர் உரிய காலத்தில் அறியட்டும் என்பதே என் வேண்டுகோள். இந்த விவரம் ஆறு மாதம் தாமதமாகத் தெரியவந்ததால் வேலையை இழந்தவர்களை நான் அறிவேன்.

விதிகளைப் பற்றித் தெளிவு வேண்டும், ஏனென்றால் ஸ்பவுஸ் கிரவுண்ட் (துணைவர் இருக்கும் ஊரைக் காரணம் காட்டி இடமாற்றம் கேட்பது) என்ற இரண்டு சொற்களை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கணவனும் மனைவியும் அரசுப் பணியில் இருந்தால் ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 2009 செப்டம்பர் 30-இல் குறிப்பாணை வெளியிட்டிருக்கிறது. அதன் உயிர்நாடி, உரிய நிலையில் அங்கே பணியிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. எழுத்தர் பணிக்கு அது பெரும்பாலும் நிறைவேறிவிடும். நூற்புழுவியல் விஞ்ஞானிக்கு அத்துறைப் பணியிடமே அங்கே இருந்தாக வேண்டும். இதை உரிமையாகக் கோர முடியாது என்பதையும், நிர்வாகம் இயன்ற வரை கருத்தில் கொள்ள வேண்டியது என்பதையும் 1990-களின் தொடக்கத்திலேயே ஒரு வங்கி அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, "எங்களைச் சேர்த்து வையுங்கள்" என்று மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். எந்த நிலையத்தில், எந்தத் துறையில், எந்தப் பணியிடம், எந்த நாளிலிருந்து காலியாக இருக்கிறது என்பதையும், அங்கே நீங்கள் செய்யப்போகும் ஆய்வு என்ன என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். கோப்பைப் பார்ப்பவர் மறுக்க விரும்பினாலும் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

உங்களுக்கு உடனடியாகப் பயன்படும் விதி வேறொன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி, திருமணத்தாலோ பிற காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர், தம் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட வேண்டும். அந்த ஆய்வு, நிதி வழங்கும் அமைப்பு ஒன்று பழைய நிறுவனத்துக்கோ நெறியாளருக்கோ அளித்த திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. நெறியாளருக்கும் பழைய நிறுவனத்துக்கும் உரிய நன்றியறிவிப்பு இருக்க வேண்டும். அதே ஒழுங்குமுறை, ஆய்வுக் காலம் முழுவதற்குமாக 240 நாட்கள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பையும், காலவரம்பில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளையும் தருகிறது. பல கைடுகளுக்கே இந்தப் பிரிவு தெரியாது. அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள்.

நிரந்தரப் பணியில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் கணவருக்கு ஒரு சொல்: கோவைக்கோ வேறு ஊருக்கோ மாற விரும்பி இன்னொரு அரசு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், முறையான வழியில், தடையின்மைச் சான்றோடு விண்ணப்பிக்கட்டும். அப்படிச் சென்றால் பழைய பணியிடத்தின் மீதான லியன், அதாவது அங்கே திரும்பும் உரிமை, வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு அவருக்கு இருக்கும். புதிய இடம் சரிப்படவில்லை என்றால் திரும்பலாம். ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்திய இளைஞர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

இனி என் வாழ்க்கையிலிருந்து சிறிது. மண்ணின் ஈரத்தை அளக்க, அலுமினிய டப்பாக்களில் மண்ணை எடுத்து எடை போட்டு, உலர்பெட்டியில் 105 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடியும் எடை போட வேண்டும். சனிக்கிழமை மாலை வயலிலிருந்து எடுத்த டப்பாக்களை ஞாயிறு மாலை எடை போட்டாக வேண்டும். என் கணவரோ ஞாயிறு மாலை நான்கு மணிப் பேருந்தில் கோவைக்கு இறங்கியாக வேண்டும். ஓர் ஐப்பசி மாதம், மகளுக்குக் காய்ச்சல், வெளியே விடாத மழை. அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்து, நான் தராசில் வைக்கும் ஒவ்வொரு டப்பாவின் எண்ணையும் எடையையும் பதிவேட்டில் எழுதினார். முப்பத்தாறு டப்பாக்கள். அன்று பர்லியாறு அருகே மண்சரிவு. குன்னூர்ச் சாலை மூடப்பட்டு, அவர் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு நள்ளிரவில் கோவை போய்ச் சேர்ந்தார். அந்தப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் அவருடைய கையெழுத்துதான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒத்துழைப்பு வீட்டுக்குள் இருந்தும், அவர் மலைக்கு மாற்றலாகி வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. காரணம், காலியிடம் இருந்த ஆண்டில் யாரும் சொல்லவில்லை, சொன்ன ஆண்டில் காலியிடம் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அவர் மலைக்கு வந்த பிறகு, தேயிலைச் சரிவுகளில் மண்ணரிப்பையும் மண்ணுயிரிகளையும் சேர்த்து ஆராயும் திட்டம் ஒன்றை நான் எழுதினேன். ஒப்புதல் வந்தபோது முதன்மை ஆய்வாளராக அவர் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "இரண்டு பேரும் ஒரே வீடுதானே, அம்மா" என்றார் அப்போதைய அதிகாரி ஒருவர். மாற்றி எழுதச் சொல்லி என் கணவரே கடிதம் கொடுத்தார். நான்கு மாதங்களுக்குப் பிறகு மாற்றினார்கள். அந்த நான்கு மாதங்களில் பருவமழை போய்விட்டது. மண்ணரிப்பு ஆய்வுக்கு ஒரு பருவமழை போவது ஓராண்டு போவதற்குச் சமம். ஆகவே நிலையத் தலைவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது: தம்பதியர் இருவருக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனித் திட்டம், தனித்தனி மதிப்பீடு இருக்க வேண்டும். ஒருவருடைய பதவி உயர்வையோ கொள்முதலையோ மற்றவர் கையொப்பமிட்டு முடிவு செய்யும் நிலை ஒருபோதும் வரக் கூடாது. சேர்ந்து கட்டுரை எழுதினால் யார் எதைச் செய்தார் என்ற குறிப்பு அதில் இருக்க வேண்டும். "உறவினருக்குச் சலுகை" என்ற பேச்சு எழும் என்று அஞ்சித்தான் பல தலைவர்கள் தம்பதியரை ஒரே நிலையத்தில் சேர்க்கத் தயங்குகிறார்கள். இந்த ஒழுங்குகள் இருந்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

நேர்காணல்களில் கணவர் எங்கே இருக்கிறார் என்று பெண்ணிடம் மட்டும் கேட்பதை நிறுத்த வேண்டும். என்னிடம் கேட்டார்கள், என் கணவரிடம் அவருடைய எந்த நேர்காணலிலும் மனைவியைப் பற்றிக் கேட்டதில்லை. தேர்வு முடிந்து பணியாணை தரும்போது, ஆண் பெண் இருபாலரிடமும், "உங்கள் துணைவருக்கும் ஆராய்ச்சிப் பணி தேவையா, எந்தத் துறை?" என்று எழுத்தில் கேட்கலாம். உதவி செய்வதற்குக் கேட்கும் கேள்வி அது.

குழந்தைக் காப்பகம் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றது. மலை நிலையங்களில் ஊழியர் எண்ணிக்கை பல இடங்களில் அந்த வரம்பை எட்டுவதில்லை. அதனால் சட்டம் அவற்றைத் தொடுவதில்லை. முத்தோரை வட்டாரத்தில் உள்ள இரண்டு மூன்று நிலையங்கள் சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தினால் செலவும் குறையும், தேவையும் நிறைவேறும். மத்திய அரசின் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த விடுப்பை எடுத்து வயல் ஆய்வைப் பாதியில் விடுவதைவிட, பக்கத்தில் ஒரு காப்பகம் இருப்பதையே பெரும்பாலான ஆய்வாளர்கள் விரும்புவார்கள்.

நிரந்தரப் பணி கிடைக்கும் வரையிலான இடைக்காலத்தை எப்படிக் கடப்பது என்று கேட்பீர்கள். கௌரவ விரிவுரையாளர் பணி கிடைக்கும். ஊதியத்துக்கு அது உதவும், ஆனால் வகுப்புகள் உங்கள் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டமும், உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டமும், நிரந்தரப் பணியில் இல்லாத பெண் ஆய்வாளர்களும் தம் பெயரிலேயே ஆய்வு நடத்த உதவுபவை. அறிவிப்பு வரும் காலத்தைக் கவனித்திருங்கள். கணவரின் நிலையத்தை விட்டு வேறொரு நிறுவனத்தை இடமாகக் காட்டுங்கள். வழிகாட்டும் விஞ்ஞானியாகக் கணவரைக் காட்டவே வேண்டாம். அவருடைய நிலையத்தில் உலர்பெட்டியையோ நுண்ணோக்கியையோ பயன்படுத்த வேண்டியிருந்தால், அதற்கும் இரு நிறுவனங்களுக்கிடையே ஒரு கடிதம் இருக்கட்டும்.

வீட்டுக்குள் முடிவு செய்ய வேண்டியவையும் உண்டு. அடுத்த பத்தாண்டுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எந்த ஆண்டுகளில் யாருடைய வேலை இருவர் வாழும் ஊரைத் தீர்மானிக்கும்? நாங்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருவராக எழுதிக்கொண்டோம். அப்போதைய ஊதியத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் முதலில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு எப்போதும் அதிகமாகவே இருக்கும். உங்கள் மாமியாரிடமும் இந்தத் தாளைக் காட்டுங்கள். என் மாமியார் ஆராய்ச்சி என்றால் என்னவென்று அறியாதவர்; ஆனால், "இந்த அஞ்சு வருசம் இவளுது, அடுத்த அஞ்சு வருசம் அவனுது" என்று தெரிந்த பிறகு, எனக்கு வயல் வேலை இருந்த நாட்களில் அவரே கோவையிலிருந்து ஏறி வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

உங்கள் ஆய்வுப் பொருள் உங்களுக்குப் பெரிய துணை. சோலை மர நாற்றுகளை வளர்ப்பதற்குக் கோவையைவிட உதகையே பொருத்தம். நீங்கள் கணவருக்காக மலைக்கு வருவதாக எங்கும் எழுதாதீர்கள், பேசாதீர்கள். அந்த மரங்கள் இங்கே இருக்கின்றன என்பதே விண்ணப்பத்தில் இருக்க வேண்டிய காரணம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே, தரவுகளையும் நாற்றங்கால் பதிவேடுகளையும் எடுத்துச் செல்ல நெறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். நாற்றுகள் எத்தனை, எந்த இனம், எந்த நாளில் விதைத்தவை என்ற பட்டியலையும் அதனுடன் இணையுங்கள். மலையில் நாற்றங்காலுக்கு இடம் கேட்டு இரண்டு நிலையங்களுக்காவது கடிதம் அனுப்புங்கள். மார்கழிக்குள் உறைபனி விழத் தொடங்கிவிடும். திறந்த வெளியில் உள்ள இளநாற்றுகள் ஒரே இரவில் கருகிவிடும். நிழல்வலைக் குடில் உள்ள இடம் அதற்குள் உறுதியாக வேண்டுமென்றால், இந்தக் கடிதங்கள் புரட்டாசிக்குள் போய்ச் சேர வேண்டும்.